எலும்பு மருந்து மாற்றும்போது நடுவில் இடைவெளி விட்டவர்கள் இருக்கிறீர்களா?

பொன்மலைப் பெண்:
ஆறு மாச ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அம்மா விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எலும்பு மெலிவு நோய்க்காகச் சில வருஷமாக டெனோசுமாப், அதுதான் அந்த ஆறு மாச ஊசி. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு நன்றாகத் தேறியிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார். புதிதாகப் பார்த்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, உடம்புக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடுப்போம். அடுத்த வருஷம் ஸ்கேன் எடுத்துட்டு மாத்திரைக்கு மாறிக்கலாம்” என்றார். ஊசி விலை அம்மாவுக்கு எப்போதுமே உறுத்தல். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

பொங்கலுக்கு முந்தின வாரம், தலையணைகளை வெயிலில் காயப் போட எடுத்து வந்தார். குனியக்கூட இல்லை. ஒரு தலையணையை உதறினார், அவ்வளவுதான். “ஏண்டி, முதுகில என்னமோ நொறுங்கிச்சு” என்றார். கத்தவில்லை. உறையை ஒரு கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒன்றில்லை, மூன்று எலும்பு அமுங்கியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “எங்க விழுந்தாங்க?” என்றே கேட்கிறார்கள். விழவே இல்லையே!

ஓய்வுபெற்ற டீச்சர்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறதம்மா. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் பயந்துவிடக் கூடாது. நானும் பிரேக் எடுத்தவள்தான். வாரம் ஒரு மாத்திரை, அலென்ட்ரோனேட் 70. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, வாயில் எதையும் போடவும் கூடாது. வீடு முழுக்க டிகாக்‌ஷன் வாசனை வரும், நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன். ஐந்து வருஷம் முடிந்ததும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். அடுத்த ஞாயிறு எழுந்த உடனே காபி குடித்தேன் பாருங்கள், அந்த ருசி!

இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப வருஷம் சாப்பிட்டால்தான் தொடை எலும்பு குறுக்கே விட்டுப்போகும் என்று பயம் காட்டினார்கள். அதனால் மருந்தை விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வயதானால் எலும்பு உடையத்தான் செய்யும்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்:
டீச்சரம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாத்திரையும் அந்த அம்மாவின் ஊசியும் ஒரே சாதி இல்லை. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன்.

2020 ஊரடங்கில் ஒரு பெரியவர் கூலிங் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் வருவார். மனைவிக்கு இதே ஊசி. ஸ்டாக் வரவில்லை. பழைய அட்டைப்பெட்டியில் பேனாவால் எழுதியிருந்த தேதியைக் காட்டி, விரலை மடக்கி மடக்கி மாசம் எண்ணுவார். ஏழாவது விரலில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் என்ன சொல்ல? அமெரிக்க, ஐரோப்பிய எலும்பு மருத்துவச் சங்கங்கள் அந்தச் சமயத்தில் கூட்டாக ஓர் ஆலோசனை வெளியிட்டன: கடைசி ஊசி போட்டு ஏழு மாசத்துக்குள் அடுத்தது போட வழியில்லை என்றால் தற்காலிகமாக அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரை கொடுப்பதை யோசியுங்கள் என்று. அவருடைய டாக்டரும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு வருகிறவரைக்கும் எனக்கே தூக்கமில்லை.

விஷயம் இதுதான். அலென்ட்ரோனேட் மாத்திரை, டிரிப்ஸாக ஏற்றும் சோலெட்ரானிக் எல்லாம் எலும்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு, நிறுத்திய பிறகும் நாளாவட்டத்தில்தான் வெளியேறும். அதனால் ஆபத்து குறைவாக இருப்பவர்களுக்கு மாத்திரை என்றால் ஐந்து வருஷம், டிரிப்ஸ் என்றால் மூன்று வருஷம் கழித்து லீவு கொடுப்பார்கள். டெனோசுமாப் எலும்பில் தங்காது. எலும்பை அரிக்கும் செல்களை அணை ஷட்டர் மாதிரி அடைத்து வைத்திருக்கும். ஷட்டரைத் தூக்கினால் தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் பாயும். ஏறிய அடர்த்தி ஓரிரு வருஷத்தில் இறங்கிவிடும். விழாமலே முதுகில் இரண்டு மூன்று எலும்பு சேர்ந்து நொறுங்குவதை இந்த ஊசியை விட்டவர்களிடம் நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதை வயசு என்று தள்ளிவிட முடியாது.

பிரண்டை ரசிகன்:
எல்லாரும் மருந்தையே பேசுகிறீர்களே. என் வீட்டம்மாவுக்கும் தேய்மானம்தான், முழங்காலில். படி ஏறும்போது கடகட என்று சத்தம் கேட்கும். ஒரு ஊசியும் போடவில்லை.

இளம் பிரண்டையாகப் பார்த்துப் பறியுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொட்டால் அரிப்பு உயிரை வாங்கும். கணுவைத் தள்ளி, நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கணும். பாதியில் இறக்கினால் நாக்கு நமநமக்கும். புளி கொஞ்சம் தூக்கலாக, வர மிளகாய், உளுந்து வறுத்து, அம்மியில் அரைத்தால் உத்தமம். கூடவே கேழ்வரகுக் களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை. மத்தியான வெயிலில் கால் மணி நேரமாவது மாடியில் நில்லுங்கள். மூட்டை முடிச்சு தூக்காதீர்கள். பாத்ரூமில் வழுக்காத பாய் போடுங்கள். வெறும் தரையில் படுக்காதீர்கள். டாக்டர் பிரேக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் என் கட்சி.

சின்ன மருமகள்:
அண்ணா, அது மூட்டு, இது எலும்பு. இரண்டையும் தேய்மானம் என்றே சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டிலும் இதே குழப்பம். துவையல் நல்லதுதான், செய்து பார்க்கிறேன்.

மாமியாருக்கு டெரிபாரடைட், தினமும் வயிற்றில் போடும் பேனா ஊசி. இரண்டு வருஷம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றும் டிரிப்ஸுக்கு மாறணும், தாமதித்தால் கட்டிய எலும்பு கரைந்துவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. பல் டாக்டர், “எலும்பு டாக்டர் கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க, அப்பத்தான் பிடுங்குவேன்” என்கிறார். எலும்பு டாக்டர், “முதல்ல பல்லைப் பிடுங்கி ஆறட்டும், டிரிப்ஸ் போட்டப்புறம் பிடுங்கினா தாடை எலும்பு கெட்டுப்போற சிக்கல் வரலாம்” என்கிறார். இருவர் சொல்வதும் சரிதான், லெட்டர்தான் நகரவில்லை.

பேனா தீர்ந்து போனது. ஃபிரிட்ஜ் கதவில் அது இருந்த தட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை. மாமியார் ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம் போல அங்கே போய்க் கதவைத் திறப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், மூடுவார். “இப்ப எனக்குள்ள எலும்பு கரையுதா?” என்று ஒரு நாள் கேட்டார். கடைசியில் என் வீட்டுக்காரர் இரண்டு டாக்டர்களையும் ஒரே போனில் பேச வைத்தார். பல் ஆறியதும் டிரிப்ஸ். அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் போட்டு எடுத்தது, பாராசிட்டமாலில் அடங்கியது.

பொன்மலைப் பெண்:
கவுண்டர் அண்ணா, ஒரு சந்தேகம். இப்போது ஒரு டாக்டர் மறுபடி அதே ஆறு மாச ஊசி என்கிறார், இன்னொரு டாக்டர் டெரிபாரடைட் என்கிறார். எது?

கவுண்டருக்கு அந்தப் பக்கம்:
மருந்தை நான் சொல்லக் கூடாது தங்கச்சி. ஆனால் இரண்டாமவரிடம் 2015ல் லான்செட்டில் வந்த டேட்டா-ஸ்விட்ச் ஆய்வைப் பற்றிக் கேளுங்கள். டெரிபாரடைட்டிலிருந்து டெனோசுமாபுக்குப் போனவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. தலைகீழாக மாறியவர்களுக்குக் கொஞ்ச காலம் இறங்கியது. எந்த மருந்துக்குப் பின் எது என்பதும் முக்கியம். எலும்பு எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்று காட்டும் சி.டி.எக்ஸ். ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா?

பொன்மலைப் பெண்:
நாளைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரணுமாம். காபி இல்லாமல் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அம்மா அடம். டீச்சரம்மா, நீங்கள்தான் பேசிப் பார்க்கணும்.