கழுத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கும் பூனை: மீன்தான் காரணமா?

தூத்துக்குடி செல்வி:
எங்கள் வீட்டுக் கடுவனுக்கு மூன்று வயது, பெயர் ஜிகிர். சில மாதமாகக் காதுக்கு முன்னாலும் கழுத்திலும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறான். முதுகைத் தடவினால் ரவை கொட்டின மாதிரி பொடிப்பொடியாகப் பொருக்கு. வயிற்றடியை நக்கியே மொட்டையாக்கிவிட்டான். அவ்வப்போது வாந்தியும் உண்டு. வெயிலோ மழையோ, எந்தக் காலத்திலும் குறைவதில்லை. டாக்டர் ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்குகிறது, அப்புறம் பழைய கதைதான்.

தின்பது சாளை மீனும் சோறும், இடையில் பாக்கெட் தீனி. சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அம்மா சிரிக்கிறாள்: "பூனைக்கு மீன் ஒத்துக்காதாம், கேட்டியா!" குட்டியிலிருந்து தின்கிறவனுக்கு இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா?

பெரம்பூர் பூனைக்காரன்:
அக்கா, குட்டியிலிருந்து தின்பதால்தான் சந்தேகமே. பெரும்பாலும் பலகாலம் தின்று பழகிய புரதத்தோடுதான் உடம்பு முறைத்துக்கொள்ளும். பூனைகளிடம் அதிகம் பிடிபடுவது மாட்டிறைச்சி, மீன், கோழி.

ஆனால் மீனைப் பழிக்கும் முன் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். பேன்சீப்பால் வால் பக்கம் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்த ரத்தம். ஒன்றும் விழாவிட்டாலும் பூனைக்கான தெள்ளு மருந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள், நக்கியே தடயத்தை அழித்திருக்கும். நாய்க்கு விடும் பெர்மெத்ரின் மருந்து மட்டும் கூடவே கூடாது, பூனையின் உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனைக்குக் காசை விடாதீர்கள். இந்த விஷயத்தில் அதை நம்ப முடியாது. இதுவரை தின்னாத ஒரே ஒரு இறைச்சியை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. இல்லையென்றால் ஹைட்ரோலைஸ்டு தீனி. அதில் புரதத்தை நுணுக்கமாக உடைத்துவிடுவதால் உடம்பு பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளாது. விலை கையைக் கடிக்கும். பெரும்பாலான பூனைகளுக்கு 6 வாரத்துக்குள்ளேயே அரிப்பு குறையும்.

எங்கள் வீட்டில் பூனையின் சாப்பாட்டை மாற்றியது லேசு, ஆட்களைக் கட்டுப்படுத்தியதுதான் பெரும்பாடு. அப்பா சாப்பிட்டுக் கை கழுவும் முன் விரலை நீட்டுவார், அதில் கோழிக்குழம்பு. கீழ்வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாகப் பால் ஊற்றுவார். ஒவ்வொரு நக்கலுக்கும் சோதனை கெடும். கடைசியில் வாசலில் தாள் ஒட்டினேன்: "தோல் வியாதிப் பூனை, எதுவும் போடாதீர்கள்." ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள், வியாதி என்றதும் பயந்துவிட்டார்கள்! பாக்கெட்டின் முன்னால் மீன் படம் இருந்தாலும் பின்னால் படியுங்கள், பல தீனிகளில் கோழியும் இருக்கும். ருசி சேர்த்த மாத்திரையும் ஆகாது.

அரிப்பு நின்றதும் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். சில மணி நேரத்திலும் வரலாம், இரண்டு வாரமும் ஆகலாம். எங்களுடையது கோழி தின்ற மறுநாளே கழுத்தில் கை வைத்தது. மீனுக்கு ஒன்றுமே ஆகவில்லை, இன்றைக்கும் தின்கிறது.

ஆச்சி பேரன்:
எதற்கு இவ்வளவு பாடு? பேசாமல் தயிர்சோறு பழக்குங்கள். எங்கள் ஆச்சி வீட்டுப் பூனை அதைத் தின்றே பல வருஷம் இருந்தது.

பெரம்பூர் பூனைக்காரன்:
தம்பி, அந்தப் பூனை மிச்சத்தை எலியில் எடுத்துக்கொண்டிருக்கும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும்.

தூத்துக்குடி செல்வி:
ரொம்ப நன்றி. மீன்காரம்மா கூடையை இறக்கினாலே இவன் போய் நிற்பான், அவரும் ஒரு குடலை எறிவார். அவரிடமும் சொல்லிவைக்கிறேன். தெரிந்தவர் முயல் பண்ணை வைத்திருக்கிறார், முயல் கறி இவன் தின்றதே இல்லை. பிடிக்காமல் பட்டினி கிடந்தால்? பசித்தால் தின்பான் என்று விட்டுவிடலாமா?

பெரம்பூர் பூனைக்காரன்:
விடவே கூடாது அக்கா. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகிவிடும், குண்டுப் பூனையென்றால் பயம் இன்னும் அதிகம். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள், பழையது முழுதாக நின்ற நாளிலிருந்து 8 வாரத்தை எண்ணுங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லையென்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கறியை வெங்காயம், பூண்டு, மசாலா இல்லாமல் வேகவையுங்கள், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வெறும் கறியையே மாதக்கணக்கில் ஓட்ட முடியாது, என்ன சத்து சேர்க்க வேண்டும் என்று முதலிலேயே டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே அந்த ஊசி ஸ்டீராய்டா என்றும் கேட்டுவிடுங்கள். அதன் வேகம் இருக்கும்வரை அரிப்பு குறைந்தது முயலாலா ஊசியாலா என்று தெரியாது. அடிக்கடி போட்டால் சர்க்கரை நோயும் வரலாம்.