வார்ம் கிரே சுவர், வேறு கம்பெனி பெயிண்ட்: உங்களுக்குப் பொருந்தியதா?

எங்கள் வீடு கோயம்புத்தூரில். நாலு வருஷத்துக்கு முன்னால் ஹால் முழுக்க ஒரு வார்ம் கிரே அடித்தோம். விபூதியில் துளி சந்தனம் குழைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நிறம். அம்மாவுக்கு அந்தச் சுவர்மேல் தனிப் பிரியம். போன மழையில் குளியலறைப் பக்கச் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி, தொட்டாலே பொரிந்து விழ ஆரம்பித்தது. கசிவை அடைத்து, சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமரும் அடித்தாயிற்று. மேல் கோட்தான் பாக்கி.

பழைய டப்பாவின் மூடியைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். ஆனால் வழக்கமாக வாங்கும் கடையில் இப்போது வேறு கம்பெனி சரக்குதான் இருக்கிறது. கடைக்காரர் ஷேட் கார்டை விரித்து ஒன்றைக் காட்டினார். மூடியில் காய்ந்திருந்த பெயிண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சாக ஒன்றாக இருந்தது. நாலு லிட்டர் வாங்கிவிட்டோம்.

மத்தியானம் இரண்டாவது கோட் முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணி வரை எது புதுச் சுவர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறரைக்கு விளக்கைப் போட்டதும் அம்மா "இங்கே வா" என்று கூப்பிட்டார். பழைய மூன்று சுவர்களும் எப்போதும் போல இருந்தன. புதுச் சுவர் மட்டும் ரோஸ் அடித்தது. ரோஸ் மில்க் கொட்டிய வெள்ளை வேட்டியைத் துவைத்த பிறகும் ஒரு கறை நிற்குமே, அந்த அளவுக்கு. மஞ்சள் எல்இடியை அணைத்துவிட்டுப் பழைய வெள்ளை டியூப்லைட்டைப் போட்டேன். ரோஸ் போய்விட்டது. மறுபடி மஞ்சள் விளக்கு, மறுபடி ரோஸ். பத்து தடவையாவது ஸ்விட்சைத் தட்டிப் பார்த்திருப்பேன்.

இது ஏன், யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா, எப்படிச் சரி செய்தீர்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

மதுரையிலிருந்து, பெயிண்டர்

அக்கா, இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை பார்க்கிறேன். அடர் நீலம், பச்சை எல்லாம் கம்பெனி மாறினாலும் சமாளித்துவிடலாம். கழுத்தை அறுப்பது இந்தக் கிரேதான்.

வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்தால் நீலம் அடிக்கிற சாம்பல்தான் வரும். அதில் சூடு வரவேண்டுமென்றால் மஞ்சள், சிவப்பு சேரவேண்டும். ஒரு கம்பெனி யெல்லோ ஆக்சைடும் ரெட் ஆக்சைடும் போட்டு அந்தச் சாயலைக் கொண்டுவரும். இன்னொரு கம்பெனி வேறு மஞ்சளும் மெஜந்தாவும் போட்டு அதே இடத்துக்கு வரும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், மஞ்சள் லைட்டில் பிரிந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் சுவரில் அடிக்கவே மாட்டேன். சார்ட் அட்டை ஒன்றை வாங்கி, முழுக்க இரண்டு கோட் அடித்து, ஒரு ராத்திரி காயவிடுவேன். எமல்ஷன் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் ஒரு சுற்று கறுக்கும். ஈரத்தில் பார்த்து "பொருந்தவில்லை" என்று கறுப்பு ஊற்றியவர்கள் மறுநாள் வந்து தலையில் கை வைத்திருக்கிறார்கள். காய்ந்த அட்டையைப் பழைய சுவரோடு ஒட்டவைத்து, காலையில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். வீட்டுக்காரர் தலையாட்டினால்தான் ரோலரைத் தொடுவேன்.

ரோஸ் அடித்தால் ஒரு துளி பச்சை ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் சாயம்), பச்சை அடித்தால் ஒரு துளி ரெட் ஆக்சைடு. துளி என்றால் துளிதான். நாலு லிட்டரில் நேராக விடாதீர்கள். கால் லிட்டரைத் தனியாக எடுத்து அதில் விட்டு, எத்தனை துளி என்று எழுதிவைத்து, அட்டையில் பார்த்து, பிறகு மொத்தத்துக்குக் கணக்குப் போடுங்கள். இதில் பாதி தூரம்தான் போகமுடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிக்குச் சரி செய்தால் பகலில் லேசாக விலகும். வீட்டில் எந்த நேரம் அதிகம் உட்காருவீர்களோ அந்த நேரத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

*

திருச்சியிலிருந்து, டிண்டிங் மெஷின் (பெயிண்டில் நிறம் கலக்கும் மெஷின்) வைத்திருக்கும் கடைக்காரர்

மூடியை ஷேட் கார்டோடு ஒப்பிட்டது வரை சரி. ஆனால் கார்டில் இருக்கிற துண்டு பெரும்பாலும் அச்சடித்த மாதிரி, டப்பாவில் வருகிற பெயிண்ட் அல்ல. தவிர, மூடியில் இருப்பது வெயிலும் விளக்கும் படாத பெயிண்ட். சுவரில் இருப்பது நாலு வருஷம் புகையும் தூசியும் பார்த்த பெயிண்ட். பொருத்தவேண்டியது சுவரோடுதான்.

எங்களிடம் வருகிறவர்களிடம் சுவரிலிருந்தே ஒரு சில்லு கேட்பேன். ஸ்விட்ச் பாக்ஸ் மூடியைக் கழற்றினால் (மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்) அதன் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்த்து எடுக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, தட்டையாக, உடையாமல் கொண்டுவரவேண்டும். ஸ்கேனர் அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சி, 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த அலைநீளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும். அதை வைத்து எங்கள் பேஸில், அதாவது சாயம் சேர்க்காத அடிப்படைப் பெயிண்டில், எந்தச் சாயம் எத்தனை மில்லி என்று கணக்குக் கொடுக்கும். டெல்டா ஈ என்று ஒரு எண்ணும் காட்டும்; இரண்டு நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் அது. அது 1-க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள். பகல் வெளிச்சம், பழைய குண்டு பல்பு வெளிச்சம் என இரண்டுக்கும் தனித்தனியாக அந்த எண்ணைக் காட்டும் சாஃப்ட்வேர்கள் உண்டு. இரண்டாவது எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பகலுக்கு 0.4, பல்புக்கு 2 என்று வந்தால் ராத்திரி காட்டிக்கொடுத்துவிடும். வேறு சாயம் வைத்து ஃபார்முலா போடச் சொல்லலாம்.

பளபளப்பையும் பாருங்கள். பழையது மேட், புதியது ஷீன் உள்ளது என்றால் ஒரே சாயம் ஊற்றினாலும் இரண்டு நிறமாகத்தான் தெரியும். 200 மில்லி சாம்பிளை மட்டும் நம்பி 20 லிட்டர் போடுவதும் ஆபத்து. இந்த வெளிர் கிரேக்குச் சாயமே சில மில்லிதான். சின்ன டப்பாவில் அரைச்சொட்டு கூடினாலும் நிறம் நகர்ந்துவிடும்.

*

நியூ ஜெர்சியிலிருந்து

நாங்கள் வாங்கிய வீட்டில் முந்தைய சொந்தக்காரர் கீழ்த்தளத்தில் விட்டுப்போன டப்பாவில் கம்பெனி பெஞ்சமின் மூர், நிறம் ரெவியர் பியூட்டர், எண் ஹெச்சி-172 என்று இருந்தது. இங்கே மிகப் பிரபலமான வார்ம் கிரே. அருகில் ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற வேறு கம்பெனியின் கடை இருந்ததால் அதில் மாற்று தேடினேன். பலரும் அக்ரியபிள் கிரே, எஸ்டபிள்யூ 7029, கிட்டத்தட்ட அதேதான் என்று எழுதியிருந்தார்கள். எண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு, அதாவது எல்ஆர்வி, ரெவியர் பியூட்டருக்குச் சுமார் 55, அக்ரியபிள் கிரேக்கு 60. இரண்டும் தனித்தனியாக அழகான நிறங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுவரில் வைத்தால் ஒன்று வெளுத்துத் தெரியும். "இதற்கு அது சமம்" என்ற பட்டியல்கள் புது அறைக்கு உதவும், பாதிச் சுவரை ஒட்டுப்போட உதவாது.

கடைசியில் ஒரு கடையில் அந்தப் பெஞ்சமின் மூர் எண்ணையே சொல்லி வேறு கம்பெனி பேஸில் கலந்து வாங்கினேன். தெற்கு ஜன்னல் உள்ள அறையில் அற்புதம். வடக்குப் பக்க அறையில் பச்சை அடித்தது. அங்கே நேர் வெயில் வராது, வானத்து நீல வெளிச்சம் மட்டும்தான். பழைய சுவரும் அங்கே கொஞ்சம் பச்சைதான், புதியது அதைவிடக் கூடுதல். அந்த ஒரு அறைக்கு மட்டும் நாற்பது நிமிடம் காரில் போய் அசல் கம்பெனி டப்பாவையே வாங்கி வந்தேன். தோழி, உங்கள் ஊரில் பழைய கம்பெனி டீலர் வேறு இடத்தில் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

*

சென்னையிலிருந்து

இரண்டே வரி. சுவரின் நடுவில் ஒட்டுப்போடாதீர்கள், மூலையிலிருந்து மூலை வரை அடியுங்கள். உள் மூலையில் இரண்டு சுவரிலும் வெளிச்சம் எப்படியும் வேறாகத்தான் விழும், சின்ன வித்தியாசத்தைக் கண் விட்டுவிடும்.

*

கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. பழைய கம்பெனி டீலர் சிங்காநல்லூர் பக்கம் இருப்பதாகக் கேட்டுப் போனேன். அந்த ஷேட் நம்பர் இப்போதைய கார்டில் இல்லை, ஆனால் மெஷினில் ஃபார்முலா இருந்தது. ஒரு லிட்டர் மட்டும் கலந்து வாங்கி, மதுரை அண்ணன் சொன்னபடி சார்ட் அட்டையில் அடித்து, சுவரில் சாய்த்து வைத்தேன். ராத்திரி மஞ்சள் விளக்கில் ரோஸ் துளியும் இல்லை. ஆனால் பழைய சுவரைவிட ஒரு நூல் வெளுப்பு. சுவரைத் துடைத்துப் பார்த்தேன், பாதி வெளுப்பு அங்கேயே தீர்ந்தது. நாலு வருஷத்து அழுக்கு!

மீதிக்கு எங்கள் பெயிண்டர் ஒரு லிட்டருக்கு மூன்று துளி யெல்லோ ஆக்சைடும் ஒரு துளி கறுப்பும் விட்டார். மூன்றாவது அட்டையில் அம்மா சரி என்றார். மறுநாள் மூலைக்கு மூலை அடித்தோம். இப்போது சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும் அரைமணி நேரம் மட்டும், தெரிந்தவர் கண்ணுக்கு லேசாகத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மிச்சம் இருந்த பெயிண்டை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறுக மூடி, கம்பெனி, பேஸ், ஃபார்முலா, கூட விட்ட துளிக் கணக்கு எல்லாம் எழுதி ஒட்டி, லாஃப்டில் வைத்திருக்கிறேன்.