பழைய வரைபடத்தில் இருந்த பாதை புதியதில் இல்லையே, ஏன்?

கேள்வி:
ஒரு கிராமப்புறப் பகுதியின் வரைபடங்களைக் காலவரிசைப்படி ஒப்பிட்டு வருகிறேன். பழைய தாளில் தெளிவாக உள்ள ஒரு பாதை, பிந்தைய தாளில் இல்லை. அது உண்மையிலேயே மறைந்துவிட்டதா அல்லது வரைந்தவர்கள் விட்டுவிட்டார்களா என்பதை எவ்வாறு அறிவது?

மறுமொழி 1:
முதலில் இரண்டு தாள்களின் அளவுவிகிதத்தையும் பாருங்கள். ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கும் 1:63,360 தாளில் சிறு பாதைகள் பலவும் விடுபட்டுப்போகும். மைலுக்கு ஆறு அங்குலம் என்ற 1:10,560 தாளிலோ கிணறும் வேலியும்கூடத் தென்படலாம். அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். நில அளவை நடந்த ஆண்டு அதற்கு வெகு முந்தையதாக இருப்பதுண்டு. தாளின் ஓரக் குறிப்பைப் படியுங்கள். வரி விதிப்பதற்காக வரைந்தவர்களுக்கு நிலத்தின் எல்லைதான் முக்கியமே தவிர, பாதை அன்று.

மறுமொழி 2:
முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். அடுத்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துங்கள். பழைய பாலம், சாலைச் சந்திப்பு போன்றவற்றை, இரண்டையும் பொருத்த உதவும் ஆதாரப் புள்ளிகளாகக் கொள்ளலாம். ஆற்றங்கரை வேண்டாம், ஆறு இடம் மாறக்கூடியது. பாதை மறைந்தாலும் அதையொட்டிய வயல் எல்லை அதே வளைவோடு எஞ்சியிருப்பதுண்டு. பலரும் கவனிக்கத் தவறும் தடயம் இது. வறண்ட பருவத்து வான்படம் கிடைத்தால் இன்னும் நல்லது: புதைந்த பள்ளத்தின்மேல் பயிர் பசுமையாகவும், புதைந்த சுவரின்மேல் வெளிறியும் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிந்தைய தாள் 1:63,360 அளவினது என்பதை இப்போதுதான் கவனித்தேன். அதே காலத்துப் பெரிய அளவுத் தாளைத் தேடிப் பார்க்கிறேன்.