60 வயதுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசிக்கப் பழகலாமா?

உப்புவெளி வாசகர்

எல்லாருக்கும் வணக்கம். அரச உத்தியோகம், அடுத்த வருசம் 60 முடிந்து ஓய்வு. சபையில் வேதப்படிப்புக் குழு ஒன்றை நடத்துகிறேன். ஓய்வுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டை அது எழுதப்பட்ட கிரேக்கத்திலேயே வாசிக்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. இப்போது ஒரு எழுத்தும் தெரியாது. ஆங்கிலப் பாடநூலை மெல்ல வாசித்து விளங்கிக்கொள்வேன். இங்கே திருகோணமலையில் கற்றுத்தர ஆள் கிடைக்கவில்லை.

இந்த வயதில் பாடமாக்கினால் நிற்குமா? வகுப்பில்லாமல் வீட்டிலிருந்தே எப்படித் தொடங்குவது? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. நோயாளிகளைப் போய்ப் பார்க்கக்கூடிய நேரத்தில் இலக்கணத்தோடு உட்கார்ந்திருப்பது ஆண்டவருக்குப் பிரியமான காரியமா, அல்லது வெறும் ஆசையா?

கொட்டியாரக்குடா

ஐயா, முதலில் இலக்கைச் சின்னதாக்குங்கள். "கிரேக்கம் படிக்கப்போகிறேன்" என்பதற்கு முடிவே இல்லை. "யோவானின் முதலாம் நிருபத்தை முழுக்க வாசித்து முடிப்பேன்" என்பதற்கு முடிவு உண்டு. 5 அதிகாரம், 105 வசனம். வெவ்வேறு சொற்கள் என்று பார்த்தால் 250க்கும் குறைவு. புதிய ஏற்பாடு முழுவதிலும் ஏறக்குறைய 5,400 தனிச்சொற்கள் உண்டு. ஆனால் 50 தடவைக்கு மேல் வருகிறவை 310 சொச்சம்தான், அவையே மொத்த வாசகத்தில் 80 வீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே கிழமைக்கு 15 சொல் போதும். 21 கிழமையில் அந்த அடித்தளம் வந்துவிடும்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் பாதிப் பயம் தேவையில்லை. ஆங்கிலப் பாடநூல்கள் வேற்றுமை என்றால் என்னவென்று விளக்கவே ஒரு அதிகாரம் எடுக்கும். நமக்கு எட்டு வேற்றுமை பள்ளிக்கூடத்திலேயே வந்தது, கிரேக்கத்தில் ஐந்துதான். கிரேக்கத்தின் மூன்றாவது வேற்றுமை நம்முடைய 'கு', 'இல்', 'ஆல்' மூன்றின் வேலையையும் செய்யும், இடத்தைப் பார்த்துப் பிரிக்கவேண்டும். 'நான்', 'நீ' என்று சொல்லாமலே வினையின் விகுதி ஆளைக் காட்டும். சொல்லொழுங்கு இளகினது. யோவான் 3:16இல் "விசுவாசிக்கிறவன்" என்று நாம் ஒரே சொல்லில் வாசிக்கிறோமே, கிரேக்கத்திலும் அது அப்படியே வினையாலணையும் பெயராகத்தான் நிற்கிறது. ஆங்கிலத்துக்காரருக்கு அது ஒரு மாதப் பாடம். நமக்கு ஒரு பின்னேரம்.

உயிரெழுத்தும் அப்படித்தான். எப்சிலோன் என்பது எ, ஏட்டா என்பது ஏ, ஒமிக்ரோன் ஒ, ஒமேகா ஓ. குறிலும் நெடிலும் கேட்டுப் பழகிய காது இவற்றைக் குழப்பாது.

சறுக்குகிற இடங்கள் வேறு. முதலாவது, கிரேக்கச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துப் படிப்பது. காமாவுக்கும் கப்பாவுக்கும் நமக்கு 'க' தான், பீட்டாவுக்கும் பையுக்கும் 'ப' தான், டெல்ட்டாவுக்கும் டவுக்கும் 'த' தான். இரண்டு மாதத்தில் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். முதல் நாளிலிருந்தே கிரேக்க எழுத்திலேயே எழுதுங்கள். 24 எழுத்துக்கும் மூன்று கிழமை ஒதுக்கினால் தாராளம். ஆங்கில 'பி' போல இருப்பது ரகரம், ஆங்கில 'வீ' போல இருப்பது நகரம். இந்த இரண்டும்தான் கடைசிவரை காலை வாரும்.

இரண்டாவது, பெயருக்கு முன்னால் வரும் சுட்டிடைச்சொல், ஆங்கிலத்து 'the' போன்றது. தமிழில் அப்படியொன்று இல்லாததால் நாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போவோம். புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய ஏழு சொல்லுக்கு ஒன்று அதுதான். 1 யோவான் 4:8இல் 'தேவன்', 'அன்பு' இரண்டுமே எழுவாய் உருபில் நிற்கின்றன. 'தேவன்' என்பதற்கு முன் மட்டும் சுட்டு இருப்பதால்தான் எது எழுவாய், எது பயனிலை என்று தெரிகிறது. மூன்று பால், நான்கு வேற்றுமை (விளிக்குச் சுட்டு இல்லை), ஒருமை பன்மை: 24 கட்டம். அந்தப் பட்டியலை வாய்ப்பாடு போலச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குங்கள். மற்றப் பெயர்ச்சொற்களின் விகுதிகள் பெரும்பாலும் அதையே பின்பற்றும்.

மூன்றாவது, பால். நமக்கு உயர்திணை, அஃறிணை பொருளைப் பார்த்து வரும். அங்கே 'வழி' பெண்பால், 'வார்த்தை' ஆண்பால். காரணம் தேடாதீர்கள், ஒவ்வொரு பெயரையும் அதன் சுட்டோடு சேர்த்தே மனதில் ஏற்றுங்கள்.

பாலையூற்று அக்கா

ஞாபகம் பற்றி நான் சொல்கிறேன். 60இல் புதிதாகப் பாடமாக்க 20இல் எடுத்ததைவிடக் கூட நேரம் எடுக்கும், அது உண்மை. மாற்று வழி இடைவெளி விட்டு மீட்டுவதுதான். தடித்த அட்டையை 7க்கு 5 சென்ரிமீற்றராக வெட்டி, ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் தமிழ். மூன்று பெட்டி. முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொருக்கா, மூன்றாவது கிழமைக்கொருக்கா. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், பிழைத்தது முதலாவதுக்குத் திரும்பி வரும். நம்மூர் வியர்வைக்கு ஜெல் பேனை அழிந்து போகும், போல்பொயின்ட் பாவியுங்கள். ஃபோனில் செய்ய விருப்பமென்றால் அங்கி (Anki) என்ற செயலி இதையே கணக்குப் பார்த்துச் செய்யும், அன்ட்ரோயிட் ஃபோனில் அது இலவசம். ஆனாலும் முதல் 100 சொல்லைக் கையால் எழுதுவது நல்லது. எழுத்தும் சேர்ந்து பழகும்.

காலையில் 25 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம், கிழமையில் ஆறு நாள். ஞாயிறு ஓய்வு. வெள்ளனவே, வெக்கை ஏறமுன் இலக்கணம். பின்னேரம் அட்டை மட்டும். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ஒரேயடியாக உட்காருவது இந்த வயதுக்குச் சரிவராது, செவ்வாய்க்கிடையில் மறந்துபோகும்.

கண்ணையும் பாருங்கள். கிரேக்கத்தில் சொல் தொடக்கத்து உயிரெழுத்தின் மேல் கொமா போல ஒரு மூச்சுக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பொறுத்து 'ஹ' ஒலி வரும் அல்லது வராது. சாதாரண அச்சில் அது புள்ளியாகத்தான் தெரியும். போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4ஐ ஏ3 ஆக, அதாவது 141 வீதத்துக்குப் பெருப்பித்து எடுங்கள். வாசிப்புக் கண்ணாடியைத் தொடங்கமுன்னமே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தெரியாமல் கஷ்டப்படுவதை மூளை மங்கிவிட்டதென்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

உப்புவெளி வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று, நான்கு மாதத்தில் அநேகர் கைவிட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் அப்படி? கடைசிக் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

சாம்பல்தீவு போதகர்

அண்ணா, கைவிடுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பெயர்ச்சொல் முடிந்து வினைச்சொல் தொடங்கும். நிகழ்காலம் இலேசாகப் போகும். பிறகு அயோரிஸ்து என்ற இறந்தகால வடிவம் வரும். சொல்லின் முன்னால் ஒரு எகரம் ஏறும், பின்னால் விகுதி மாறும், சிலவற்றில் அடிச்சொல்லே வேறாகிவிடும். 'வருகிறேன்' என்பதற்கும் 'வந்தேன்' என்பதற்கும் உருவத்தில் ஒற்றுமையே தெரியாது. படித்ததெல்லாம் வீண் என்று அப்போது தோன்றும். அந்த இடத்தில் பாடநூலை அரைவாசி வேகத்துக்குக் குறைத்து, வாசிப்பைத் தொடங்கிவிடுங்கள். 1 யோவான் 1:1-4ஐ விட்டுவிடுங்கள், அது சிக்கிய நூல் போல நீண்டு போகிற பகுதி. 1:5இலிருந்து எளிய வசனங்கள். கிழமைக்கு மூன்று வசனமென்றால் 35 கிழமை. எழுத்து, இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை வருசம் என்று கணக்கு வையுங்கள். மாரி மழை, நத்தார், வீட்டு விசேசம் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. இரண்டு கிழமை விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் இரண்டு பாடம் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள்.

வரிக்குக் கீழே பொருள் அச்சிட்ட பதிப்பு வேண்டாம். கண் தானாகக் கீழ்வரிக்குப் போகும், ஐந்து வருசமானாலும் கிரேக்கம் வராது. எஸ்பிஎல் (SBL) என்ற வேத ஆய்வுச் சங்கத்தின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தெரியாத சொல்லை மட்டும் ஸ்டெப் பைபிள் தளத்தில் தட்டிப் பாருங்கள். உங்கள் போதகரையும் ஒருதரம் கேளுங்கள். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியிலோ வேறெங்கோ படித்தவராக இருந்தால் பழைய பாடநூல் அலுமாரியில் கிடக்கலாம்.

இனி மூன்றாவது கேள்வி. காலேபுக்கு 85 வயது, யோசுவாவிடம் வந்து கேட்டது இளைப்பாற ஒரு இடமல்ல. ஏனாக்கியர் என்ற நெடிய, பலத்த மக்கள் இருந்த அதே மலைநாட்டைத்தான் கேட்டார் (யோசுவா 14). வேதம் அதைப் பேராசை என்று எங்கும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த இடம் ஏற்கெனவே அவருக்கு வாக்குப்பண்ணப்பட்டது. ஆகவே வயதைப் பார்க்காதீர்கள். இந்தப் படிப்பு உங்களுக்குத் தரப்பட்டிருக்கிற பொறுப்போடு சேர்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வேதப்படிப்பு நடத்துகிறவர், சேர்கிறது.

லூக்கா 14:28இல் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறான். நீங்களும் பாருங்கள். நாளுக்கு 40 நிமிடம் எதிலிருந்து வருகிறது? தொலைக்காட்சியிலிருந்து என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சந்திப்பிலிருந்து என்றால் வேண்டாம். உங்கள் காலைத் தியானத்திலிருந்தும் எடுக்கவேண்டாம், இதில்தான் நல்ல விசுவாசிகளும் தடுக்கி விழுகிறார்கள். இலக்கணம் செய்த நாளில் வேதம் வாசித்தாயிற்று என்று மனம் சொல்லும். தமிழ் வேதாகமமும் ஜெபமும் முதலில், தனி நாற்காலியில். கொப்பியும் அட்டையும் அதற்குப் பிறகு, வேறு மேசையில்.

முதல் வருசம் குழுவில் "மூலமொழியில் இப்படி இருக்கிறது" என்று சொல்லவேண்டாம். அரைகுறைக் கிரேக்கத்தால் பிழையான போதனை வந்த இடங்கள் உண்டு. கேட்கிறவர்களுக்குத் தங்கள் தமிழ் வேதாகமத்தின் மேலுள்ள நம்பிக்கையும் ஆட்டம் காணும். 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் திருத்தித் திருத்தி நமக்குத் தந்திருக்கிறார்கள்.

தனியே படிப்பவருக்குச் சோர்வு சீக்கிரம் வரும். மாதத்துக்கொருக்கா ஒருவரிடம் ஒப்புவியுங்கள். அவருக்குக் கிரேக்கம் தெரியவேண்டியதில்லை, அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துச் சரி பிழை சொன்னால் போதும். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் அந்த வேலையை விரும்பிச் செய்யும்.