அந்த இரண்டு நாற்காலிகள்: ‘ஜே.எஃப்.கே.’ படத்தை நம்பலாமா?

சோழவந்தான் ஆபரேட்டர்:
நேற்று ஒரு விமர்சன வீடியோ பார்த்தேன். ஆலிவர் ஸ்டோன் 1991-ல் எடுத்த ‘ஜே.எஃப்.கே.’ பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு அந்தத் தம்பி முடிக்கிறார்: “கென்னடி கொலையைப் பற்றி எதையும் படிக்க வேண்டாம், இந்தப் படத்தின் கோர்ட் சீன் ஒன்று போதும், எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது.” கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1963-ல் டல்லாஸ் நகரில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதைப் பற்றிய படம் இது. நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசனாக கெவின் காஸ்ட்னர் நிற்கிறார். இரண்டு பேரை நாற்காலி போட்டு முன்னும் பின்னுமாக உட்கார வைக்கிறார். பின்னால் இருப்பவர் கென்னடி, முன்னால் இருப்பவர் டெக்சாஸ் கவர்னர் கானலி. கையில் ஒரு குச்சி. ஒரே குண்டு கென்னடியின் முதுகில் புகுந்து, கழுத்து வழியாக வெளியே வந்து, காற்றில் நின்று, வலப்பக்கம் திரும்பி, அப்புறம் இடப்பக்கம் திரும்பி கானலியைத் துளைத்ததாம் என்று, ஒரே குண்டுதான் இருவரையும் துளைத்தது என்ற அரசு விசாரணையின் முடிவைக் கேலி செய்கிறார். பார்க்கிற எவனும் கைதட்டுவான்.

ஆனால் கானலி உட்கார்ந்திருந்தது அந்த மாதிரி நாற்காலியில் இல்லை. கென்னடி போன லிங்கன் காரின் நடுவில் இருந்த மடக்கு இருக்கை அது. பின் இருக்கையைவிடத் தாழ்வு. கதவை ஒட்டாமல் உள்ளே தள்ளி இருந்தது. கென்னடி வலது ஓரத்தில், கதவோடு ஒட்டி. கானலி உடம்பை வலப்பக்கம் திருப்பியும் இருந்தார். இப்படி உட்கார வைத்துக் கோடு போடுங்கள், குண்டு எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை. நாற்காலியைத் தப்பாகப் போட்டுவிட்டு கோடு வளைகிறது என்று சொன்னால் எப்படி?

கறுப்புவெள்ளை:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா ஐயா. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். ஒளிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். அதில் உங்கள் கண்ணில் பட்டது இரண்டு நாற்காலி. ஸ்டோன் இதை ஆவணப்படம் என்று விற்கவில்லை. கொலையை விசாரித்து, சுட்டது ஆஸ்வால்ட் ஒருவனே என்ற அரசுக் குழுவான வாரன் கமிஷன் சொன்னது ஒரு புராணம், நான் எடுத்தது அதற்கு எதிர்ப் புராணம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேண்டாம்.

சோழவந்தான் ஆபரேட்டர்:
நாற்காலிக்கு பதில் சொல்லுங்கள்.

நிலாமதி:
சண்டைக்கு முன்னால் ஒன்று தெளிவு செய்துகொள்ளலாமா? புனைவுப் படம் எது, ஆவணப்படம் எது, நடித்துக் காட்டும் காட்சிகள் சேர்த்த ஆவணப்படத்தை எதில் வைப்பது? அதை முடிவு செய்யாமல் ‘நம்பலாமா’ என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டே போவோம்.

கறுப்புவெள்ளை:
பதில்தானே, சொல்கிறேன். கானலியே சாகும் வரை என்ன சொன்னார்? கென்னடி மேல் பட்ட முதல் குண்டு என் மேல் பட்டது அல்ல, வேறு குண்டு என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் அதையே சொன்னார். காருக்குள் இருந்த இரண்டு பேரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

சோழவந்தான் ஆபரேட்டர்:
கானலி இன்னொன்றும் சொன்னார். சதி எதுவும் இல்லை, சுட்டவன் ஆஸ்வால்ட் ஒருவன்தான் என்றுதான் அவர் நம்பினார். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே. குண்டு பட்டவனுக்கு வலி தெரியும், எந்தக் குண்டு என்று எப்படித் தெரியும்? நாற்காலிக்கு பதில் இன்னும் வரவில்லை.

மாட்டுத்தாவணி மாறன்:
உள்ளே தள்ளி, உள்ளே தள்ளி என்கிறீர்களே, எத்தனை அங்குலம்? அளவு சொல்லாமல் ‘தள்ளி’ என்றால் எனக்கும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள வேலித் தகராறு மாதிரிதான் இருக்கிறது.

சோழவந்தான் ஆபரேட்டர்:
அங்குலக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. தாழ்வு, உள்ளே தள்ளியது, இந்த இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. படத்தில் இரண்டுமே கிடையாது. ஒரே உயரம், ஒரே நேர்கோடு.

கறுப்புவெள்ளை:
ஆக அளவு உங்களிடம் இல்லை. அளவு இல்லாமல் ஒரு இயக்குநரைப் பொய்யர் என்கிறீர்கள். போன வருடமும் இப்படித்தான், ஆதாரம் இல்லாமல் என்னை வம்புக்கு இழுத்தீர்கள்.

சோழவந்தான் ஆபரேட்டர்:
போன வருடக் கதையை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். கொலை நடந்தபோது கூட்டத்தில் நின்று ஆபிரகாம் சப்ரூடர் எடுத்த அந்த 26 விநாடிப் படம் கறுப்பு வெள்ளை என்று மூன்று நாள் அடம்பிடித்தவர் நீங்கள். கோடக்ரோம் கலர் பிலிம் அது. 8 எம்.எம்., 486 பிரேம்கள். மன்னிப்பு ஒரு வரி எழுதினீர்களா?

கறுப்புவெள்ளை:
‘லைஃப்’ இதழ் முதலில் அச்சிட்டது கறுப்பு வெள்ளையில். நான் சொன்னது அதைத்தான். திரித்துப் பேசாதீர்கள்.

சோழவந்தான் ஆபரேட்டர்:
‘எடுத்தது’ என்று எழுதினீர்கள், ‘அச்சிட்டது’ என்று இல்லை. இழை இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

சரி, பிலிம் பேச்சு வந்துவிட்டது. 22 வருடம் ஆபரேட்டர் அறையில் நின்றவன் நான். கார்பன் குச்சி வெளிச்சத்தில் ரீல் அறுந்தால், எந்தப் பிரேமில் அறுந்தது என்று விரலால் தடவிப் பார்த்து ஒட்டியவன். ஒருமுறை பேசாப்பட காலத்துத் துண்டு ஒன்றை விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டினோம். ஊர்வலத்தில் நிதானமாக நடந்து போனவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். சனம் சிரித்தது. வேகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

சப்ரூடரின் கேமரா ஓடியது விநாடிக்குச் சுமார் 18 பிரேம். தலையில் குண்டு படும் 313-வது பிரேமுக்கு முந்தைய பிரேமோடு ஒப்பிட்டால் தலை முதலில் கொஞ்சம் முன்னால் போகிறது. அதற்குப் பிறகுதான் பின்னால் சாய்கிறது. கோர்ட் சீனில் காஸ்ட்னர் “பின்னால், இடப்பக்கம்” என்று திரும்பத் திரும்பச் சொல்லி, குண்டு முன்னாலிருந்து வந்தது என்று காட்ட அந்தச் சாய்வை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். முன்னால் போனது ஒரே ஒரு பிரேம் நேரம், அது எப்படிக் கண்ணில் நிற்கும்? உண்மையான பிலிமோடு, புதிதாக எடுத்துக் கறை ஏற்றிய பிலிமையும் கலந்து வெட்டியிருக்கிறார்கள். எது 1963, எது 1991 என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நாற்காலியும் அதே வேலைதான்.

நிலாமதி:
என் கேள்வியை யாரும் தொடவில்லை, பரவாயில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். அந்த 313-வது பிரேமை ‘லைஃப்’ வெளியிடக் கூடாது என்று சப்ரூடரே கேட்டுக்கொண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தப் படத்தை நாடு முழுக்கக் காட்டியது 1975-ல்தான். இன்றைக்கு எந்த ஆவணப்படத்தைத் திறந்தாலும் முதல் நிமிடத்திலேயே அதைத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு மனிதரின் தலை சிதறுவது, பக்கத்தில் மனைவி. 2012-ல் வந்த ‘லிங்கன்’ படத்தில் ஸ்பீல்பெர்க் அதிபர் லிங்கனின் கொலையைக் காட்டவே இல்லை. வேறொரு தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் சின்ன மகனிடம் செய்தி வருகிறது, அந்தப் பையன் அலறுகிறான். எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

மாட்டுத்தாவணி மாறன்:
காட்டாமல் விட்டால் அது கொலையைப் பற்றிய படமே இல்லையே மேடம். 1915-லேயே ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் கிரிஃபித், லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட்ஸ் தியேட்டரைக் கட்டி, கொலையாளி பூத் சுடுவது, மேடையில் குதிப்பது எல்லாம் காட்டிவிட்டார்.

நிலாமதி:
அதே படம்தான் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாகக் காட்டியது. அதை எனக்கு உதாரணம் சொல்கிறீர்களா?

மாட்டுத்தாவணி மாறன்:
கொலைக் காட்சியைச் சொன்னால் கொள்கையை இழுக்கிறீர்கள். இந்தக் குழுவில் ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியாது.

கறுப்புவெள்ளை:
ஆபரேட்டர் ஐயா ஒன்றை மறைக்கிறார். ‘ஜே.எஃப்.கே.’ படத்தின் கடைசியில், கொலையை மறுபடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் ஆவணங்கள் 2029 வரை பூட்டிக்கிடக்கும் என்று எழுத்தில் போட்டார்கள். சனம் கொதித்தது. 1992-ல் ஆவணங்களைத் திறக்கச் சட்டமே வந்தது. லட்சக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. எந்த ஆவணப்படம் இதைச் சாதித்தது? நாற்காலியைச் சரியாகப் போட்ட எந்த நல்லவர் இதைச் செய்தார்?

ஆவணப்படங்கள் ஒழுங்கா? 2003-ல் ஹிஸ்டரி சேனல், கொன்றதே அப்போதைய துணை அதிபர் லிண்டன் ஜான்சன்தான் என்று ஒரு பகுதி ஒளிபரப்பியது. ஜான்சனின் குடும்பமும் பழைய சகாக்களும் கொந்தளித்த பிறகு, வரலாற்றாசிரியர்களை உட்கார வைத்து அதை மறுக்க ஒரு நிகழ்ச்சியே போட வேண்டி வந்தது. அதற்குப் பெயர் ஆவணப்படம்!

சோழவந்தான் ஆபரேட்டர்:
சட்டம் வந்தது நல்லது, யார் மறுத்தார்கள்? நல்லது நடந்ததால் பொய் உண்மையாகிவிடுமா? கேரிசன் சந்தேகப்பட்ட விமானி டேவிட் ஃபெர்ரி ஹோட்டல் அறையில் பயந்து நடுங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாகக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு ஒப்புதல் நடக்கவே இல்லை. கொலைச் சதியில் பங்கு என்று க்ளே ஷா என்ற நியூ ஆர்லியன்ஸ் வியாபாரியைக் கேரிசன் கோர்ட்டில் நிறுத்தினார், 1969-ல் ஜூரி ஒரு மணி நேரம்கூட எடுக்காமல் விடுதலை செய்தது. அவர் 1974-ல் இறந்துவிட்டார். படம் வரும்போது பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளின் இடத்தில் உங்கள் அப்பாவை வைத்துப் பாருங்கள்.

அந்தக் குடைக்காரர் கதையும் அப்படித்தான். கொலை நடந்த இடத்தில் வெயிலில் கறுப்புக் குடை விரித்து நின்றவரைப் படம், சுடுவதற்குச் சைகை கொடுத்தவராகக் காட்டுகிறது. அந்த மனிதர் 1978-லேயே நாடாளுமன்றக் குழு முன் வந்து காரணத்தைச் சொல்லிவிட்டார். கென்னடியின் அப்பா ஹிட்லர் விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போன பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர், சேம்பர்லின் கையில் எப்போதும் குடை, அதைக் குத்திக்காட்டப் பிடித்தேன் என்றார். 13 வருடம் கழித்து எடுத்த படத்தில் ஏன் அது இல்லை?

கறுப்புவெள்ளை:
என் அப்பாவை இழுக்காதீர்கள்.

மாட்டுத்தாவணி மாறன்:
ஐயா, அப்பா பேச்சு தேவையில்லாதது. எடுத்துவிடுங்கள்.

சோழவந்தான் ஆபரேட்டர்:
தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, எடுக்க மாட்டேன். ஒரு மனிதனின் பெயரைத் திரையில் எழுதி அவனைக் கொலைச் சதியில் சேர்த்தால் அவன் வீட்டார் நிலை என்ன என்று கேட்டேன். கேள்வி கேள்வியாகவே இருக்கட்டும்.

கறுப்புவெள்ளை:
வாரன் கமிஷன் யோக்கியமா? அச்சிட்ட தொகுதியில் சப்ரூடர் படத்தின் 314, 315 பிரேம்களை வரிசை மாற்றிப் போட்டார்கள். தலை எந்தப் பக்கம் போனது என்பதே மாறிவிட்டது. அச்சுப் பிழை என்றார் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர். அரசாங்கம் செய்தால் அச்சுப் பிழை, ஸ்டோன் செய்தால் பொய்யா?

சோழவந்தான் ஆபரேட்டர்:
பிரேம் மாறியது தப்புதான். எனக்கு அதிலும் கோபம்தான். ஆனால் அதை வைத்து நாற்காலியை நேராக்க முடியாது.

கறுப்புவெள்ளை:
அங்குலம் சொல்லுங்கள், பேசலாம்.

சோழவந்தான் ஆபரேட்டர்:
தாழ்வாக இருந்ததா இல்லையா? அதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். காலையிலிருந்து இதை நான்காவது முறை கேட்கிறேன்.

நிலாமதி:
நான் தூங்கப் போகிறேன்.

கறுப்புவெள்ளை:
அங்குலம்?