கலைச்சொல் தேவை: காடை முட்டை பொரிப்பில் கடைசி மூன்று நாளுக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், காட்பாடி:

அன்புடையீர், வணக்கம். வீட்டிலேயே சிறு இன்குபேட்டரில் காடை முட்டை பொரிக்க வைப்பது பற்றி, அணைக்கட்டு வட்டார மகளிர் குழுக்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்தில் இருக்க வேண்டும். இன்குபேட்டர் என்ற சொல்லில் நான் கைவைக்கப் போவதில்லை; அதை எல்லாரும் அறிவர். இடர் வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானியக் காடை முட்டை 17 அல்லது 18 ஆம் நாளில் பொரியும். முதல் இரண்டு வாரம் அதனை 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, நாள்தோறும் பலமுறை திருப்பிவிட வேண்டும். 14 ஆம் நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு உயர்த்தி, குஞ்சுகள் வெளிவரும் வரை பெட்டியைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை வளர்ப்போர் லாக்டவுன் என்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு இதற்கு 'ஊரடங்கு' என்று தந்தது. முட்டைகளுக்கு ஊரடங்கு பிறப்பிக்க எனக்கு மனமில்லை. 'திறவாக் காலம்' என்று எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), குடியாத்தம்:

'திறவாக் காலம்' இலக்கணப்படி சரியே. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகும் என்பதை அறிந்து 'க்' இட்டிருப்பதற்கு முதலில் பாராட்டு. இப்போதெல்லாம் அந்த ஒற்றைக் காண்பதே அரிது. ஆயினும், செய்யாதே என்னும் விலக்கிலிருந்து ஒரு கலைச்சொல் பிறப்பது அழகன்று. நம்மிடம் 'அடை' என்ற வேர் இருக்கிறது. அடைதல் என்பது சென்று சேர்தல், அடைத்தல் என்பது மூடுதல். அடைகாத்தலில் இவ்விரு பொருளும் ஒன்றுகூடுவதாகவே நான் கொள்கிறேன். அடைக்கலத்திலும் அதே வேர் நின்று காக்கிறது. எனவே அடையின் இறுதிக் கட்டத்தை 'அடையிறுதி' என்போம். பறவையின் பெயரையும் இவ்விடத்தில் சீர்செய்துவிடலாம். காடையைச் சங்கப் புலவர்கள் குறும்பூழ் என்றனர். கலித்தொகையின் மருதக்கலியில் குறும்பூழ்ப் போர் பேசப்படுகிறது. பூழி என்றால் புழுதி. புழுதியில் புரண்டு குளிக்கும் பறவை ஆதலின் அதற்குப் பூழ் என்று பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய துணிபு. கையேட்டின் தலைப்பைக் 'குறும்பூழ் வளர்ப்பு' என்று அமைத்தால் ஒரு பழஞ்சொல் மீண்டும் புழக்கத்துக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளர், காட்பாடி:

ஐயா, தலைப்பு காடை என்றே இருக்கட்டும். குறும்பூழ் என்று அச்சிட்டால் பயிற்சிக்கு வருவோர் பூண்டு வகை ஏதோ என்று எண்ணக்கூடும். 'அடையிறுதி' எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகன், அரையிறுதியில் யார் யார் மோதுகிறார்கள் என்று கேட்டான். அதன்பின் என்னால் அந்தச் சொல்லை வேறுவிதமாகக் கேட்க இயலவில்லை.

கால்நடை மருத்துவர், இராணிப்பேட்டை:

சொல்லைத் தேர்வதற்கு முன், அந்த நாட்களில் பெட்டிக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இங்கே விலக்கு ஒன்றன்று, இரண்டு. குஞ்சு தன் அலகை முட்டையின் காற்றறைப் (அகன்ற முனையில் உள்ள காற்றிடம்) பக்கம் திருப்பிப் பொரிப்புக்கு ஏற்ற நிலையில் அமர்கிறது. ஆகவே முட்டையைத் திருப்பக் கூடாது. அடுத்து, அலகு காற்றறைக்குள் நுழைந்ததும் குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கி, பின்னர் ஓட்டைக் கொத்தித் துளையிடுகிறது. அந்நேரத்தில் மூடியைத் திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கி, ஓட்டின் உட்புறச் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் இறுகிவிடும். பாதி உடைத்த ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சிக்கிச் சாவது இதனால்தான். முதலில் வந்த குஞ்சுகள் பசியால் வாடுமே என்ற இரக்கத்தில்தான் பலரும் திறக்கிறார்கள். மஞ்சள் கரு பொரிப்பதற்கு முன்பே குஞ்சின் வயிற்றுக்குள் சென்றுவிடுவதால், ஒரு நாள் இரையின்றி அவை தாங்கும்.

நம் பகுதிக்கென்று ஓர் இடரும் உண்டு. அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரை வீட்டின் அறை வெப்பமே 37.5 பாகையைத் தாண்டிவிடும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பெட்டியைச் சூடாக்கும் பல்பை அணைக்கும்; பெட்டியைக் குளிர்விக்க அதனால் ஆகாது. அப்போது மூடியைச் சற்றுத் தூக்கி வைப்பது இங்குள்ளோர் வழக்கம். கடைசிக் கட்டத்தில் அந்த வழக்கமே குஞ்சுகளைக் கொன்றுவிடும். கோடையில் முட்டை வைப்பவர் தொடக்கத்திலேயே பெட்டியை வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வைத்துவிட வேண்டும் என்று கையேட்டில் தனியே எழுதுங்கள். ஆகவே விலக்கைச் சொல்லும் பெயரையே நான் வேண்டுகிறேன், ஆனால் இரண்டு விலக்கும் அதில் அடங்க வேண்டும். 'தீண்டா நாள்' பொருந்துமா?

காடை வளர்ப்பவர், பள்ளிகொண்டா:

மருத்துவர் ஐயா சொன்ன செய்திகள் அனைத்தும் உண்மை. சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 'தீண்டா' என்ற சொல் இந்த மண்ணில் மனிதர்மேல் ஏவப்பட்ட சொல். அதை முட்டைப் பெட்டியின்மேல் ஒட்டிப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டாம். அதனோடு 'மூன்று நாள்' என்பதும் சேர்ந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் 'மூடியாச்சு' என்கிறோம். பக்கத்து வீட்டார் குஞ்சு கேட்டு வந்தால், "மூடியிருக்கேன், ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்போம். அவர்களும் புரிந்துகொண்டு போவார்கள். இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளலாமே.

மருத்துவர், இராணிப்பேட்டை:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. அச்சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 'கைபடாக் காலம்' என்றால் இரண்டு விலக்கும் அடங்கிவிடுமே?

காடை வளர்ப்பவர், பள்ளிகொண்டா:

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைசி நாட்களில் தண்ணீர் குறைந்தால், பெட்டியின் பக்கத்துத் துளையில் குழாய் செருகி வெளியிலிருந்தே ஊற்றுகிறோம். கைபடக் கூடாது என்று எழுதினால், சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் தண்ணீரும் ஊற்ற மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர், காட்பாடி:

அப்படியானால் 'மூடுநாள்' என்று வைத்துக்கொள்ளட்டுமா? மூடியாச்சு என்ற வழக்கிலிருந்து பிறப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிராது. திருப்பக் கூடாது என்னும் மற்ற விலக்கை வரையறையில் சேர்த்துவிடுகிறேன்: "மூடுநாள்: முட்டை திருப்புவதை நிறுத்தி, குஞ்சு வெளிவரும் வரை மூடியைத் திறக்காது விடும் கடைசி மூன்று நாட்கள்." இதற்கிடையே, இன்குபேட்டரையும் 'பொரிப்பான்' என்று மாற்றுமாறு நண்பர் ஒருவர் தனிமடலில் வற்புறுத்துகிறார். ஆம்பூர்ச் சாலையில் பொரிப்பான் என்று பலகை மாட்டினால் வண்டிகள் காடை வறுவலுக்காகத்தான் நிற்கும் என்பதால் அதனைக் கைவிட்டேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), குடியாத்தம்:

'மூடுநாள்' ஏழ்மையான சொல். பெட்டியின் மூடியைத்தான் அது பார்க்கிறது, உள்ளே நிகழும் பிறப்பை அது கருதவே இல்லை. மேலும், முதல் நாளிலும் பெட்டி மூடித்தானே இருக்கிறது? 'அடையிறுதி' காலத்தின் கூற்றைச் சொல்கிறது. அரையிறுதியோடு ஒலியொப்புமை இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளினால், தமிழில் பாதிச் சொற்களைத் தள்ள வேண்டியிருக்கும்.

மருத்துவர், இராணிப்பேட்டை:

ஆசிரியர் ஐயாவின் கேள்வி நியாயமானது. முதல் இரண்டு வாரம் பெட்டியை மூடியும் திறந்தும் வருகிறோம். பின்னர் மூடியே வைக்கிறோம். அந்த 'ஏ'காரம் சொல்லில் இல்லைதான், ஆனால் வரையறையில் இருக்கிறது. நான் மூடுநாளுக்கு இசைகிறேன்.

காடை வளர்ப்பவர், பள்ளிகொண்டா:

நானும் இசைகிறேன். பொரிந்த குஞ்சு 7 கிராம் அளவே இருக்கும் என்பதையும், தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே மூழ்கிவிடும் என்பதையும் அடுத்த பக்கத்தில் மறவாமல் சேருங்கள். சொல்லைவிட அதுதான் எனக்குக் கவலை.

மொழிபெயர்ப்பாளர், காட்பாடி:

சேர்த்துவிட்டேன். வேறு மறுப்பு வராவிட்டால் இன்றிரவு 'மூடுநாள்' என்றே அனுப்பிவிடுகிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), குடியாத்தம்:

என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன். இப்போதைக்கு ஒன்று: நீங்கள் இணைத்துள்ள படியில் நான்காம் பக்கத்தில் 'மூடு நாள்' என்று பிரித்து அச்சாகியிருக்கிறது. அது வினைத்தொகை, இடம் விடாமல் சேர்த்தே எழுத வேண்டும்.