ரெண்டும் ஒரே சாம்பலா?

செம்பூர்வாசி:
மழை விட்டதும் ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தோம். மனைவி மனசில் வைத்திருந்தது ஷெர்வின் வில்லியம்ஸின் இரண்டு ஷேடுகள்: அக்ரீயபிள் கிரே, ரிபோஸ் கிரே. அமெரிக்க கம்பெனி. இங்கே கடையில் டின்டிங் மெஷினில் அவற்றுக்கு நெருக்கமாகக் கலந்துதான் கொடுத்தார்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஒரு கணக்கு உண்டு. முதலாவதற்கு 60, அடுத்ததற்கு 58. அட்டையில் வைத்துப் பார்த்தால் எது எதுவென்றே தெரியாது. "ஏக் ஹி தோ ஹை, சாப்" (ரெண்டும் ஒண்ணுதானே சார்) என்று பெயிண்டர் முடித்துவிட்டார்.

சுவரில் நேராகத் தடவவில்லை. இரண்டு பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் ஹால் முழுக்க தூக்கிக்கொண்டு அலைந்தோம். எங்கள் தரை லேசாக மஞ்சளோடிய ஐவரி டைல். அதன் மேல் நிறுத்தினால் ரிபோஸில் ஒளிந்திருந்த ஊதா எட்டிப் பார்க்கிறது. அக்ரீயபிளில் பழுப்பு கலந்திருப்பதால் டைலோடு ஒத்துப்போகிறது. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். பகலில் இலைப் பச்சை இரண்டின் மேலும் விழுந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி 6500 கெல்வின் வெள்ளை டியூப் போட்டதும் ரிபோஸில் நீலம் பாய்ந்துவிட்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். அக்ரீயபிள்தான் அடித்தோம்.

முலுண்ட் மேற்கு:
எங்களுக்கு நேர் எதிர் சார். மேற்குப் பார்த்த ஹால், மூன்று மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். போதாததற்கு 3000 கெல்வின் மஞ்சள் பல்பு. உங்கள் அக்ரீயபிள் எங்கள் வீட்டில் சாயங்காலமானால் மஞ்சளித்துப் போகிறது. ரிபோஸ்தான் சாம்பலாகவே நிற்கிறது. பல்பு, டியூப் மாற்றும் எண்ணம் இருக்கிறவர்கள் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் ஷேடு பாருங்கள்.

மாட்டுங்கா:
ஷேடு எதுவானாலும் சரி, மெஷினில் தனித்தனியாகக் கலந்த டப்பாக்களுக்குள் இம்மி வித்தியாசம் வரலாம். ஒரே சுவரில் பாதியில் டப்பா மாறினால் அது கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள். பெயிண்டர் முணுமுணுப்பார், கண்டுகொள்ளாதீர்கள். டச்-அப்புக்கு அரை லிட்டர் எடுத்து வைத்து, டப்பா மேல் ஷேடு நம்பரையும் எழுதிவிடுங்கள்.

செம்பூர்வாசி:
நம்பர் இருக்கிறது. மிச்சப் பெயிண்டைத்தான் அத்தை பால்கனித் துளசி மாடத்துக்கு அடித்துத் தீர்த்துவிட்டார்!